குடல் நோயைத் துரத்திய சுப்பாராவ்

ஒரு குடல் நோய் இரண்டு சகோதரர்களைப் பலி வாங்கியது. மூன்றாமவரையும் படுக்கையில் தள்ளியது. அவர் பிழைத்து எழுந்தார். அவர்தான் டாக்டர் எல்லப்பிரகடா சுப்பாராவ்.

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியடிகளின் சொல் கேட்டுக் கதர் அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

பொல்லாத நோய்

சகோதரர்களைக் கொன்றது "ஸ்ப்ரூ" என்ற நோய். ஓயாத வயிற்றுப்போக்கு. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. ரத்தம் வற்றி, ஆள் துரும்பாகிவிடுவார். சுப்பாராவை ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி காப்பாற்றினார்.

சுப்பாராவ் அமெரிக்கா சென்றார். இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. 1925-ல் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் முறையைக் கண்டார். மருந்து கலந்தால் நீல நிறம் தோன்றும். நிறம் கூடினால் பாஸ்பரஸ் அதிகம் என்று பொருள்!

இரண்டு மருந்துகள்

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-ல் அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. கீரையிலும் ஈரலிலும் உள்ள சத்து அது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது ரத்தம் ஊறியது. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தும் அந்தக் குழுவின் படைப்புதான்.

1948 ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53. தாய்நாடு திரும்பவேயில்லை. மனைவி சேஷகிரி அவரை மீண்டும் பார்க்கவேயில்லை.

இன்றும் துணை

"குரோன்" என்பது வேறொரு குடல் நோய். குடல் புண்ணாகி வீங்கும். வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால், மலத்தில் ரத்தம் கண்டால், டாக்டரிடம் போக வேண்டும். காரணம் கிருமியா என்று மலத்தைச் சோதிப்பார்கள். "கால்ப்ரொடெக்டின்" என்ற பொருள் மலத்தில் மிகுந்திருந்தால் குடலில் அழற்சி இருக்கலாம். பிறகு குழாய் விட்டுக் குடலைப் பார்த்து நோயை உறுதி செய்வார்கள்.

குரோன் நோயாளிகள் சிலருக்கு மெத்தோட்ரெக்சேட் தருகிறார்கள். அதன் கெடுதல் குறையப் போலிக் அமிலமும் சேர்த்துத் தருகிறார்கள். ரத்த அணுக்களும் ஈரலும் நலமா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை நடக்கும். அதைத் தவறவிடக் கூடாது.

நோயை அடக்கும் மருந்தும், அதற்குத் துணை நிற்கும் சத்தும், குடல் நோயால் சகோதரர்களை இழந்த ஒருவரின் உழைப்பில் வந்தவை!