ஜெய்பால் சிங் முண்டாவின் கட்சி
1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை ஏற்றவர், ஆக்ஸ்போர்டில் பயின்ற முண்டா பழங்குடியினரான ஜெய்பால் சிங். சோட்டா நாக்பூர் பழங்குடியினருக்குத் தனி மாநிலம் கோரி அவர் வளர்த்த ஜார்க்கண்ட் கட்சி, 1952 தேர்தலில் பிகார் சட்டப்பேரவையின் முதன்மை எதிர்க்கட்சியானது. 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் கோரிக்கையை நிராகரித்தது. பழங்குடியினர் அங்கே பெரும்பான்மையினர் அல்லர் என்பது ஒரு காரணம். தொழில்வளம் மிக்க அப்பகுதி பிரிந்தால் வேளாண்மையை நம்பிய எஞ்சிய பிகாரின் பொருளாதாரச் சமநிலை குலையும் என்பது மற்றொன்று. மண்ணின் வளமே மண்ணின் மக்களுக்குத் தடையானது. பொருளியல் பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது. 1963-இல் கட்சியைக் காங்கிரஸுடன் இணைத்தார் அவர். மாநிலம் கைகூடவில்லை; பேரம் பேசும் வலிமையும் போயிற்று. என் மதிப்பீட்டில் அது தவறான கணக்கு. 1970-இல் அவர் மறைந்தார். ஜார்க்கண்ட் மாநிலம் உதித்தது 2000 நவம்பர் 15 அன்று.