காமரன் அம்மையார்

போட்டோ பிடிக்கும் கலையில் புகுந்த வாலிபர்கள் பலருக்கு, தாம் கண்ணாலும் காணாத ஒரு மூதாட்டி குருவாக அமைந்தாள் என்றால் நம்பச் சிலருக்குக் கடினமாயிருக்கும். ஜூலியா மார்கரெட் காமரன் என்னும் அம்மாது முதன்முதலாகக் காமிராவைக் கையில் எடுத்தபோது அவளுக்கு வயது நாற்பத்தெட்டு; ஆறு பிள்ளைகளைப் பெற்றவள். அவள் இக்கலையில் உழைத்த காலம் பதினைந்து வருஷங்களே. ஆயினும் மனித முகத்தை எவ்வாறு நோக்கவேண்டும் என்பதற்கு அவள் வகுத்த வழி, அவள் மறைந்து வெகுகாலம் சென்ற பின்னும் மேல்நாட்டுக் கலைஞர்களிடையே வழங்கி வந்தது. நம் வாசகர்கள் அவள் சரித்திரத்தை அறிவதற்கு வேறு காரணமும் உண்டு. அவள் பிறந்தது நம் தேசத்தில். இறந்தது இலங்கையில், தமிழ்க் கூலிகள் காடு வெட்டித் திருத்திய மலைச்சாரலில்.

1815-ம் வருஷம் ஜூன் மாதம் 11-ந் தேதி கல்கத்தாவில் அவள் பிறந்தாள். தந்தை ஜேம்ஸ் பாட்டில், கம்பெனியின் வங்காள உத்தியோகஸ்தர். தாய் பிரெஞ்சு வம்சத்தவள். கல்வி பெரும்பாலும் பிரான்ஸில். பின்னர் நன்னம்பிக்கை முனையில் தேக சௌக்கியத்திற்காகத் தங்கியிருந்த காலத்தில் இருவருடைய நட்பு அவளுக்கு வாய்த்தது. ஒருவர், வான சாஸ்திரியான ஜான் ஹெர்ஷல். மற்றொருவர், அவளைவிட இருபது வயது மூத்த சார்லஸ் ஹே காமரன். 1838-ல் கல்கத்தாவில் இவரை மணந்தாள்.

காமரன் துரை சாமானியரல்லர். இலங்கையின் நீதி நிர்வாகத்தைச் சீர்திருத்த யோசனை கூறிய கமிஷனில் ஒருவர். மெக்காலேயுடன் இருந்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் நகலைத் தயாரித்தவர்களில் ஒருவர். பின்னாளில் நம் தேசபக்தர் பலரைச் சிறைக்கு அனுப்பிய அச்சட்டத்தின் கருவறையில் இவருக்கும் பங்குண்டு. இலங்கையில் கண்ட நிலவளம் அவரை மயக்கிவிட்டது. மலைநாட்டில் ஏராளமாகத் தோட்டங்கள் வாங்கினார். 1848-ல் உத்தியோகத்தை விட்டுக் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்றபோது, ஜீவனம் அக்காப்பித் தோட்டங்களையே நம்பியிருந்தது. 1860-ல் ஒயிட் தீவில், டென்னிஸன் கவியின் வீட்டிற்கு அருகே, தங்களுக்கென ஒரு வீடு வாங்கினார்கள். அதற்கு இலங்கைத் தோட்டம் ஒன்றின் பெயரையே இட்டார்கள்.

1863-ம் வருஷக் கடைசியில் கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கை சென்றிருந்தார். தனிமையில் இருந்த தாய்க்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அவர்கள் நினைத்தது பொழுதுபோக்கு, விளைந்தது வேள்வி. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கோழிகளை வெளியேற்றி, கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டைச் சித்திரசாலையாக்கினாள். 1864 ஜனவரியில் ஒரு சிறுமியின் முகம் தகட்டில் நன்கு பதிந்தது. அதுவே தனது முதல் வெற்றி என்று அவள் குறித்துவைத்தாள்.

அக்காலத்துப் போட்டோ வேலை இன்றைய வேலை போன்றதன்று. பெரிய கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையை ஒரே சீராகப் பரப்பி, வெள்ளி உப்பு நீரில் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி மருந்திட வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும், ஒரு விரல் பட்டாலும் தகடு பாழ். குடங் குடமாகத் தண்ணீர் வேண்டும். கைகளிலும் உடையிலும் கறை படிந்து நீங்காது. சீமாட்டி ஒருத்தி இக்கோலத்தில் விருந்தினர் முன் வந்து நிற்பாள். எதிரே அமர்ந்தவரோ பல நிமிஷங்கள் அசையாதிருக்க வேண்டும். பெரும் புலவர்களும் வீதியில் போகும் அந்நியர்களும் அவள் கட்டளைக்கு ஒருவாறு கீழ்ப்படிந்தனர். அவள் பிடிவாதம் அத்தன்மையது.

அக்காலத்துத் தொழில்முறைப் போட்டோக்காரர்களுடைய வழக்கம் வேறு. திரைச்சீலை, செதுக்குத் தூண், மேஜைமீது புஸ்தகம், பக்கத்தில் கோட்டும் தொப்பியுமாக முழு உருவம். பொத்தான்கள் எல்லாம் எண்ணும்படி தெளிவாயிருக்கும், முகத்தில் மட்டும் ஜீவனிராது. காமரன் அம்மையார் இவற்றையெல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். தலையையும் தோள்களையும் மட்டும் தகடு நிறையக் கொண்டாள். வெளிச்சத்தை ஒரு பக்கமாக விட்டு, மற்றப் பக்கத்தை இருளில் விட்டாள். காட்சி கூர்மையாகும் வரையில் கண்ணாடியைத் திருகுவதில்லை. தன் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்தில் நிறுத்திவிடுவாள். 1867-ல் எடுத்த ஹெர்ஷலின் படத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கலைந்த வெண்சிகை இருளிலிருந்து ஒளி வீச, ஆகாயத்தையே பார்த்துப் பழகிய கண்கள் நம்மை நோக்குகின்றன. ஹெர்ஷல் அவளுக்கு ஆசான் முறையும் ஆவார். படத்தை நிலைக்கச் செய்யும் 'ஹைபோ' உப்பின் குணத்தை 1819-லேயே கண்டறிந்தவர் அவர். இக்கலையைப் பற்றிய செய்திகளைக் கல்கத்தாவிலிருந்த அவளுக்குக் கடித மூலம் முதலில் தெரிவித்தவரும் அவரே. கார்லைல், டார்வின், பிரௌனிங் முதலியோரின் முகங்களும் அவள் தகடுகளில் அமைந்தன.

தொழிலாளர் சங்கத்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். படம் மங்கல், தகட்டில் கீறல், விரல் ரேகை தெரிகிறது, மாதுக்கு வேலை தெரியவில்லை என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். தகட்டுக் குற்றங்களைப் பொறுத்தமட்டில் அவர்கள் சொன்னது பொய்யன்று. ஆயின் 1865-ல் தென் கென்ஸிங்டன் காட்சிசாலையார் அவள் படங்களை வாங்கினார்கள். 1866-ல் பெர்லின் நகரத்தார் தங்கப் பதக்கம் அளித்தார்கள். 1868-ல் அக்காட்சிசாலையிலேயே அவள் வேலை செய்வதற்கு இரண்டு அறைகள் ஒதுக்கப்பட்டன. அவளும் சாது அல்லள். தன் படங்களை நூற்றுக்கணக்கில் சட்டப்படி பதிவுசெய்து உரிமை நாட்டினாள்; கடை மூலம் விற்றாள். காப்பித் தோட்ட வருமானம் குறைந்துவந்த அவ்வீட்டிற்குப் பணம் வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் ஒரு கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. புட்னி மேட்டில் தாயுடன் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த மேரி ரையன் என்ற ஐரிஷ் சிறுமியைக் காமரன் அம்மையார் வீட்டிற்கு அழைத்து வந்து கல்வி கற்பித்து, பணிப்பெண்ணாகவும் படங்களுக்கு மாதிரியாகவும் வைத்துக்கொண்டாள். லண்டனில் நடந்த அவளது படக்காட்சியில் மேரியைக் கண்ட வாலிபர் ஒருவர் மனத்தைப் பறிகொடுத்து, 1867-ல் அவளையே மணந்தார். அவர் வேறு யாருமல்லர். கும்பகோணத்தில் பிறந்த ஹென்றி காட்டன். அஸ்ஸாமில் சீப் கமிஷனராயிருந்து, தேயிலைக் கூலிகளுக்காகத் தோட்டக்காரர்களையும் கர்ஸனையும் பகைத்துக்கொண்டவர். 1904-ல் பம்பாய்க் காங்கிரஸில் அக்கிராசனம் வகித்தவர். ரோமியோவும் ஜூலியட்டுமாக இவ்விருவரையும் வைத்து அம்மையார் எடுத்த படம் இருக்கிறது.

ஆனால் அவளுடைய காமிரா எல்லா முகங்களையும் ஒரே கண்ணால் பார்த்தது என்று நாம் சொல்லமாட்டோம். 1868-ல் மக்தலாக் கோட்டையை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளி, அபிஸீனியச் சக்கரவர்த்தியின் அநாதைப் புதல்வன் ஆலமாயூவை இங்கிலாந்திற்குக் கொண்டுவந்தார்கள். அவ்வேழு வயதுப் பாலகனையும் அவள் படம் பிடித்தாள். அலங்காரத்துடன் அமர்ந்த அக்குழந்தையின் முகத்திலுள்ள சோகத்தை அவள் தகடு மறைக்கவில்லை. ஜமெய்க்காவில் கறுப்பரைக் கொன்று குவித்த கவர்னர் அயரின் முகத்தையும் அதே மரியாதையுடன் எடுத்தாள்.

1875-ல் காமரன் தம்பதிகள் இலங்கைக்கே திரும்பினார்கள். சாமான்களோடு ஒரு பசுவும் இரண்டு சவப்பெட்டிகளும் கப்பலேறின. அப்பெட்டிகளில் பீங்கான் பாத்திரங்களை அடைத்திருந்தார்கள். இலைத்துரு நோய் 1869 முதல் காப்பிச் செடிகளை அழித்துக்கொண்டிருந்தது. வெப்பத்திலும், நல்ல நீரும் மருந்தும் எளிதில் கிடைக்காத இடத்திலும் ஈரத்தகட்டு வேலை கஷ்டமாயிற்று. களுத்துறையில் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே மிஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளும் சிங்கள ஜனங்களும் நிற்கிறார்கள். டார்வின், கார்லைல் படங்களின் கீழே பெயர் விளங்குகிறது. இவர்களுடைய படங்களின் கீழே பெயரில்லை. நம்மவர் முகத்தையும் அதே பக்கவாட்டு வெளிச்சத்தில் நிறுத்தியவள், பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. இக்குறையை அவள் ஒருத்தியின் மீது சுமத்துவது நியாயமன்று. அந்தத் தோட்டத்துச் செக்ரோலின் கண்ணும் அவ்வாறே இருந்தது.

அவள் மறைந்த பிறகே வாலிபர் கூட்டம் அவளைத் தேடிற்று. மகன் ஹென்றி ஹெர்ஷல் காமரன் லண்டனில் படக்கடை நடத்தினான். 1890-ல் எமர்ஸன் என்பவர் அவள் படங்களைச் சிறந்த பிரதிகளாக வெளியிட ஏற்பாடு செய்தார். அவள் முதல் வெற்றி பெற்ற அதே 1864-ல் பிறந்த ஸ்டீக்லிட்ஸ், 1913 ஜனவரியில் தமது அமெரிக்கப் பத்திரிகையில் அவள் படங்களை அச்சிட்டு இளைஞர் முன் வைத்தார். இதற்குள் சுண்டினால் படமெடுக்கும் கைக்காமிராக்கள் மலிந்துவிட்டன. யந்திரம் செய்வதைக் கலை என்பதா என்ற கேள்வி எழுந்த சமயத்தில், அவளே இளைஞர்களுக்குச் சாக்ஷியானாள். எனினும் அவர்களில் அநேகர் அவளிடமிருந்து மங்கலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது நமது அபிப்பிராயம். பசையும் தூரிகையும் கொண்டு பனிமூட்டத்தைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். அவளுக்கு மங்கல் நோக்கமன்று. அருகே சென்றதற்குக் கொடுத்த விலை. பிறகு 1932-ல் கலிபோர்னியாவில் கூடிய இளைஞர்கள் அப்பனிமூட்டத்தை வெறுத்துக் கூர்மையையே விரதமாகக் கொண்டபோதும், முகத்தின் அருகே சென்று நிற்கும் துணிவைக் கைவிட்டாரில்லை.

1926-ல் அவள் தங்கையின் பேத்தியான வர்ஜீனியா வுல்ப் அவள் படங்களைப் புஸ்தகமாக்கி, முகவுரையும் எழுதினார்.

அம்மையார் 1879-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானாள். மறுவருஷம் கணவரும் சென்றார். பொகவந்தலாவையில், புனித மேரி ஆலயத்தின் முற்றத்தில், இருவரும் அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள். சுற்றிலுமுள்ள மலைகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பிக்கு வந்த கூலிகளின் பேரர்கள் அதைக் கிள்ளினார்கள்.