ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ்

ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் (டிசம்பர் 2, 1821 – மே 1, 1890) ஓர் அமெரிக்க எழுத்தாளரும் காடோடியும் ஆவார். நெஸ்மக் என்னும் புனைபெயரில் எழுதினார். காட்டில் தங்கி வாழும் முறைகளைக் கூறும் வுட்கிராஃப்ட் (1884) இவருடைய புகழ்பெற்ற நூலாகும். காட்டுக்கு எடுத்துச்செல்லும் கோடரியும் கத்தியும் எவ்வாறு அமையவேண்டும் என்பது குறித்து இவர் எழுதியவை, கையால் கருவி செய்வோரிடையே இன்றும் செல்வாக்குடன் விளங்குகின்றன.

இளமை

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், இன்றைய வெப்ஸ்டர் நகரம் உள்ள பகுதியில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளுள் இவரே மூத்தவர். சிறு வயதிலேயே பருத்தி ஆலையில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். ஆலையை வெறுத்த இவருக்கு, அருகில் வாழ்ந்த நிப்முக் பழங்குடியினரின் நட்பு கிடைத்தது. அவர்களுள் நெஸ்மக் என்னும் இளைஞரே இவருக்குக் காட்டைப் பழக்கியவர். ஆண் மரவாத்து எனப் பொருள்படும் அப்பெயரைப் பின்னாளில் தம் புனைபெயராகக் கொண்டார். 1841 இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் பயணம் செய்தார். பின்னர் பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோவில் குடியேறி, காலணி தைக்கும் தொழிலால் வாழ்ந்தார்.

கைக்கோடரி

எடை குறைந்த நல்ல கைக்கோடரி கிடைப்பது அரிது என்பதைப் பன்னிரண்டு வயது நிரம்புமுன்பே உணர்ந்ததாக இவர் எழுதியுள்ளார். கூரை வேய்வோரின் கோடரி, கடைகளில் விற்ற சிறு கோடரி எனப் பலவற்றைப் பயன்படுத்திப் பார்த்தார். கொல்லர்களிடம் சொல்லிச் செய்வித்தவை எல்லாவற்றிலும் மோசமாக அமைந்தன. அவை கனமாகவும் சமநிலை இன்றியும் இருந்தன.

பன்னிரண்டு ஆண்டுத் தேடலுக்குப் பின், மழை பெய்த ஒரு நாளில் தாம் விரும்பிய வடிவத்தை மரத்தில் செதுக்கினார். அதை எடுத்துக்கொண்டு நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகருக்குப் படகில் சென்றார். அங்கே இவர் நாடியது கொல்லரை அன்று. அறுவை மருத்துவக் கருவிகள் செய்பவரை. மெல்லிய எஃகுக்கு அளவாகத் தோய்ச்சல் தருவது அத்தகையவரின் அன்றாட வேலை என்பதால் இது பொருத்தமான தேர்வே எனலாம். இருபுறமும் வாய் கொண்ட அக்கோடரியின் அலகுக்கு விலை 3 டாலர். படகுக் கட்டணமும் பிற செலவும் சேர்ந்து மேலும் 3 டாலர் ஆயின. மூன்று நாள் வேலையும் கெட்டது. ஹிக்கரி மரக் காம்பையும் தோலுறையையும் தாமே செய்துகொண்டார்.

நண்பர்கள் ஐவர் இச்செலவைக் கேலியாகக் கணக்கெழுதி, காலையில் இவர் கண்ணில் படும்படி வைத்தனர். அத்தாளை இவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாதுகாத்தார். அதைத் தம் நூலில் எடுத்தெழுதியபோது, தம்மைவிட உடல் வலிமை மிக்க அந்த ஐவருள் நால்வர் இறந்துவிட்டிருந்தனர்.

கத்தி

அக்காலத்தில் வேட்டைக்கத்தி என்று விற்கப்பட்டவை தடித்தவை, அச்சமூட்டும் தோற்றம் கொண்டவை, ஆனால் பயனற்றவை என்பது இவர் கருத்து. தோலுரிக்கவும் இறைச்சி அரியவும் மெல்லிய அலகுடைய உறைக்கத்தி, அதனுடன் ஈரலகு மடக்குக்கத்தி, கைக்கோடரி ஆகிய மூன்றும் போதும் என்றார். முதுகு சற்றே மேடிட்டு, வாய்ப்புறம் அகன்று வளைந்த அந்த உறைக்கத்தியின் வடிவம் இன்று நெஸ்மக் கத்தி எனப்படுகிறது. இப்பெயரில் தடித்த அலகுடைய கத்திகளும் செய்யப்படுகின்றன. அவற்றை இவர் ஏற்றிருக்கமாட்டார்.

படகுப் பயணங்கள்

சியர்ஸ் குள்ளமானவர், எடை ஏறத்தாழ 50 கிலோகிராம். நுரையீரல் நோயும் இருந்தது. அடிரொண்டாக் மலைப்பகுதியில் ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் படகைச் சுமந்து செல்லவேண்டும். கூலிக்கு வழிகாட்டி அமர்த்தாமல் தனியே செல்ல விரும்பியதால், கோடரியில் தேடிய அதே எடைக்குறைவைப் படகிலும் தேடினார். ஜே. ஹென்றி ரஷ்டன் இவருக்காகச் செய்த சாரி கேம்ப் என்னும் மரப்படகின் நீளம் 9 அடி, எடை பத்தரை பவுண்டு மட்டுமே. 1883 இல், தம் 61 ஆம் வயதில், அதில் 266 மைல் பயணம் செய்து அதைப் பற்றி ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம் இதழில் எழுதினார்.

இறுதிக்காலம்

1887 இல் இவருடைய கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. 1890 இல் வெல்ஸ்பரோவில் காலமானார். ஹொரேஸ் கெபார்ட் 1906 இல் வெளியிட்ட முகாம் வாழ்வு பற்றிய நூலை நெஸ்மக்கின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். வெல்ஸ்பரோவுக்கு அருகிலுள்ள ஓர் ஏரி நெஸ்மக் என்னும் பெயரைத் தாங்கியுள்ளது.