ஆலைக்குப் போன தத்துவ ஆசிரியை

1934-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி. பாரிஸ் நகரில் மின்சார இயந்திரங்கள் செய்யும் ஆல்ஸ்தோம் தொழிற்சாலையில் 25 வயதுப் பெண் ஒருவர் கூலி வேலைக்குச் சேர்ந்தார். தடித்த மூக்குக் கண்ணாடி, மெலிந்த உடல், விடாத தலைவலி. எழுதுகோலுக்குப் பழகிய விரல்கள் இயந்திரத்துக்குப் பழகவில்லை.

வறுமை அவரை அங்கே தள்ளவில்லை. அவர் தத்துவம் படித்த ஆசிரியை. பள்ளியில் விடுப்பு வாங்கிக்கொண்டு, தொழிலாளியின் வாழ்வு எப்படிப்பட்டது என்று தம் உடலாலேயே அறிய வந்தவர். அவர் பெயர் சிமோன் வெய்ல்.

டாக்டர் வீட்டுப் பெண்

1909-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி பாரிஸில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை டாக்டர். அண்ணன் ஆந்த்ரே உலகப் புகழ் பெற்ற கணித மேதை. 1930 முதல் 1932 வரை நம் நாட்டு அலிகார் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர்.

1931-ல் சிமோன் லெ பூய் என்ற ஊரில் பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனார். அங்கே வேலையில்லாதவர்கள் கல் உடைத்துப் பிழைத்தார்கள். அவர்களோடு நகரசபைக்குச் சென்று அவர்களுக்காக வாதாடினார். ஓர் ஆசிரியை கூலிக்காரர்களுடன் கைகுலுக்குவதா என்று ஊரில் பெரும் கூச்சல் எழுந்தது. அம்மையார் அசையவில்லை. சம்பளத்தின் ஒரு பகுதியைத் தொழிலாளர் நிதிக்குக் கொடுத்தார். வேலையில்லாதவர்களுக்கு விறகு வாங்க வழியில்லை என்பதால், கடுங்குளிரிலும் தம் அறையில் கணப்பு மூட்டவில்லை.

1933-ம் ஆண்டு இறுதியில் ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கி சில நாட்கள் இவர் பெற்றோரின் வீட்டில் தங்கினார். அவரோடும் சிமோன் நேருக்கு நேர் தர்க்கம் செய்தார். முதலாளி போய் அதிகாரி வந்துவிட்டால் மட்டும் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு விடுதலை கிடைத்துவிடுமா என்பதே அவருடைய சந்தேகம். அதற்கு விடை நூல்களில் இல்லை, ஆலைக்குள்தான் இருக்கிறது என்று முடிவு செய்தார்.

பீஸ் ரேட்

ஆலையில் பீஸ் ரேட் முறை. குறித்த நேரத்தில் குறித்த எண்ணிக்கை முடியவில்லை என்றால் கூலி குறையும். மேஸ்திரியின் வசையும் விழும். பிரஸ் இயந்திரத்திலும் உலையடியிலும் நின்றார். உலையின் தீநாக்குகள் கையைச் சுட்டன. எதிரே வேலை செய்த ஒரு வெல்டர் அவர் படும் வேதனையைக் கண்டு இரக்கத்தோடு புன்னகை செய்ததைக்கூட அவர் மறக்கவில்லை. தாம் பட்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

ஆல்ஸ்தோமை விட்டபின் வேறோர் ஆலை. அங்கே ஒரு மாதத்துக்குள் வேலை போயிற்று. பிறகு வேலை தேடி அலைந்து, 1935 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ரெனோ மோட்டார் தொழிற்சாலையில் உழைத்தார். வாடகை அறையில் தங்கி, வாங்கிய கூலியிலேயே காலம் தள்ளினார். பெற்றோர் வீட்டில் சாப்பிட்டால் அதற்கும் காசு கொடுத்தார்.

கொடுமை மிகுந்தால் தொழிலாளி கொதித்தெழுவான் என்று எண்ணிப் போனவர் அவர். கண்டதோ வேறு. களைப்பும் அவசரமும் கோபத்தை அல்ல, பணிவையே வளர்த்தன. எண்ணிக்கையை எட்ட வேண்டுமானால் சிந்தனையை நிறுத்த வேண்டும்; சிந்தனையை நிறுத்தினால் மனிதன் இயந்திரத்தின் உறுப்பாகி விடுகிறான். ஒரு நாள் பஸ்ஸில் ஏறியபோது, இதில் உட்காரத் தமக்கும் உரிமை உண்டா என்ற வியப்பே அவருக்கு வந்தது. சில மாத ஆலை வேலை, படித்த பெண்ணின் தன்மதிப்பை அந்த அளவுக்கு அரித்துவிட்டது.

தலைநிமிர்ந்த ஜூன்

1936 ஜூனில் பிரான்ஸ் முழுவதும் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சிமோன் ரெனோ ஆலைக்குச் சென்று பார்த்தார். நேற்றுவரை தலைகுனிந்து நின்றவர்கள், ஓய்ந்து கிடந்த இயந்திரங்களின் நடுவே தலைநிமிர்ந்து, சிரித்து, பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மகிழ்ச்சியைப் புனைபெயரில் கட்டுரையாக எழுதினார். வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையும் அந்தப் போராட்டத்தின் பலன்கள்.

ஆனால் கூலி உயர்வும் விடுமுறையும் மட்டும் போதாது என்று அவர் சொன்னார். தாம் செய்யும் பாகம் எதற்குப் பயன்படுகிறது என்பது தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். மனிதனுக்கேற்ப இயந்திரம் அமைய வேண்டும் என்றார். ஊரை விட்டுப் போனவன்தான் வேரற்றவன் என்பதில்லை. பிறந்த ஊரிலேயே இருந்தும், வேலையில் அந்நியனாக நடத்தப்படுபவனும் வேர் பிடுங்கப்பட்டவனே என்பது அவர் கண்ட உண்மை.

உழைப்பும் வழிபாடும்

ஆலை வேலைக்குப் பின் போர்ச்சுகல் நாட்டு மீனவர் கிராமம் ஒன்றில், இரவில் ஏழைப் பெண்கள் ஊர்வலமாகப் பாடிச் சென்றதைக் கேட்டார். துன்பப்பட்டவர்களின் அந்தப் பாட்டு அவர் மனத்தை ஆன்மிகத்தின் பக்கம் திருப்பியது. ஏசுவிடம் ஈடுபாடு கொண்டார். 1940-ல் பகவத் கீதையைப் படித்தார். பிறகு சமஸ்கிருதமும் கற்றார். 1941-ல் தென் பிரான்சில் திராட்சைத் தோட்டக் கூலியாக வேலை செய்தார்.

முழுக் கவனத்தோடு செய்யும் உழைப்பு வழிபாட்டுக்குச் சமம் என்று அவர் நம்பினார். ஆனால் ஆன்மிகத்தின் பெயரால் பொறுத்துப் போ என்று தொழிலாளிக்கு உபதேசிக்கவில்லை. மனத்தைக் கொல்லும் வேலை வழிபாட்டையும் கொன்றுவிடும் என்பதை அனுபவித்து அறிந்தவர் அவர்.

யுத்த காலத்தில் 1942-ல் பெற்றோருடன் நியூயார்க் சென்று, அங்கிருந்து லண்டனுக்கு வந்து சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தில் பணி செய்தார். உடல் உழைப்பே நல்ல சமுதாயத்தின் ஆன்மிக மையமாக இருக்க வேண்டும் என்று கூறும் நூலை அங்கே எழுதினார். காசநோய் பற்றியபோதும், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரெஞ்சு மக்களுக்குக் கிடைக்காத உணவு தமக்கும் வேண்டாம் என்று மறுத்தார். 1943 ஆகஸ்ட் 24-ந் தேதி இங்கிலாந்தில் ஆஷ்போர்டு நகரில் காலமானார். வயது 34.

லண்டனில் எழுதிய நூல் 1949-லும், ஆலை நாட்குறிப்பு 1951-லும் அச்சாயின. சங்கு ஊதி வெளியே வரும் மனிதன் காலையில் உள்ளே போன அதே மனிதனாகத் திரும்புகிறானா என்பதே அவர் வாழ்க்கை எழுப்பும் கேள்வி. கூலிக் கணக்குப் பேசும் இடத்தில் அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவர் கையைச் சுட்டுக்கொண்டார்.