ஆரணி குப்புசாமி முதலியார் சரித்திரச் சுருக்கம்

பட்டு நெசவால் பெயர் பெற்ற நம் ஆரணிக்கு எழுத்தாலும் புகழ் தேடித் தந்தவர் குப்புசாமி முதலியார். ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே வழங்கிய அன்னார் 1925ஆம் ஆண்டு காலஞ்சென்றார். அதற்குள் அவர் எழுதி வெளிவந்த நாவல்கள் 70க்கு மேற்பட்டன.

ஒருவரால் இஃது எங்ஙனம் இயன்றது? ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் கதைகளைத் தழுவி, மாந்தர்க்கு நம் நாட்டுப் பெயர்களைச் சூட்டி, இடையிடையே நீதி புகட்டி எழுதினார். லண்டன் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆயினார். பாவு அயல்நாட்டது; ஊடை நம்முடையது.

1915இல் தோன்றிய ஆனந்தபோதினி என்னும் மாதப் பத்திரிகையில் அவர் கதைகள் தொடர்ச்சியாக வெளிவந்தன. கதையின் மேற்போக்கை அறியும் அவாவினால் வாசகர் அடுத்த இதழை எதிர்நோக்கினர். பின்னர் அவை புத்தகமாகவும் விலைபோயின. இரத்தினபுரி இரகசியம் பல பாகங்களாக விரிந்தது. நாவல் படிக்கும் வழக்கமே தமிழரிடம் இவ்வாறு பரவலாயிற்று.

சொந்தக் கற்பனை குறைவென்று பின்வந்தோர் கூறிய குறை மெய்யே. அதனாலேயே அவர் நூல்கள் இன்று அருகி வழங்குகின்றன. ஆதலின், எழுதப் புகும் நம் குலத்து இளைஞர்காள்! தவணை தவறாத உழைப்பையும் வாசகர் உள்ளமறியும் திறத்தையும் அவரிடம் கற்மின். சேலையின் கோலம் மட்டும் நும்முடையதாகுக.