விழித்த மனச்சான்று

நுழையும்முன்

அறநூலைக் கற்பது வேறு. கற்ற அறத்தின்முன் தன் வாழ்வை நிறுத்திப் பார்ப்பது வேறு. முன்னது சில நாள்களில் கைகூடும். பின்னதற்குச் சிலருக்கு வாழ்நாளின் பெரும்பகுதியே தேவைப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் நியூட்டன், விவிலியத்தைக் கையில் ஏந்தியபடியே மனிதர்களை விற்றவர். பின்னர் அதே விவிலியத்தின் ஒளியில் தம் குற்றத்தைக் கண்டு, அதனை உலகறியச் சொன்னவர். அவருடைய வாழ்க்கை நம்பிக்கை முதிர்ந்து நற்பண்பாகக் கனிந்த வரலாற்றைக் காட்டுகிறது.

தாய் ஊன்றிய விதை

1725ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள், இலண்டன் மாநகரில் தேம்சு ஆற்றங்கரையிலுள்ள வாப்பிங் பகுதியில் ஜான் நியூட்டன் பிறந்தார். தந்தையார் மத்தியத்தரைக் கடல் வணிகத்தில் ஈடுபட்ட கப்பலின் தலைவர். பெரும்பாலும் கடலிலேயே காலம் கழித்தவர். ஆதலால் மகனை வளர்க்கும் பொறுப்பு தாயார் எலிசபெத்தைச் சேர்ந்தது. உடல்நலம் குன்றிய அவ்வம்மையார், தம் ஒரே மகனுக்கு நான்கு வயதிலேயே படிக்கக் கற்றுக்கொடுத்தார். விவிலியப் பகுதிகளையும் சமய வினாவிடைகளையும் பாடல்களையும் மனப்பாடம் செய்வித்தார். மகன் வளர்ந்து திருச்சபைப் பணியாளராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

அவ்விருப்பம் நிறைவேறுவதைக் காண அவருக்கு வாய்ப்பில்லை. 1732ஆம் ஆண்டு, மகனின் ஏழாவது பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்தபோது, காசநோய் அவரைக் கொண்டுசென்றது. பதினோராம் வயதில் நியூட்டன் தந்தையாருடன் கப்பலேறினார். தாய்மடியில் கற்ற பாடல்கள் மறதியில் அமிழ்ந்தன. ஆயினும் விதை நிலத்தில் இருந்தது.

கட்டறுந்த இளமை

நியூட்டனின் இளமை கட்டுப்பாடற்றுக் கழிந்தது. பதினேழாம் வயதில் கென்ட் மாவட்டத்துச் சாத்தம் ஊரில் மேரி கேட்லட் என்னும் பெண்ணைக் கண்டு அன்புகொண்டார். அவ்வன்பு ஒன்றுதான் பின்வந்த இருண்ட ஆண்டுகளில் அவரைத் தாங்கி நின்றது. 1744ஆம் ஆண்டு அவரைக் கட்டாயமாகப் பிடித்துக் கடற்படையில் சேர்த்தனர். தந்தையாரின் செல்வாக்கால் ஆர்விச் என்னும் போர்க்கப்பலில் பயிற்சி அலுவலர் நிலை கிடைத்தும், அங்கிருந்து தப்பியோடிப் பிடிபட்டார். கப்பலில் இருந்தோர் அனைவரும் காணக் கசையடி பெற்று, கடைநிலை மாலுமியாகத் தாழ்த்தப்பட்டார்.

இறைநம்பிக்கையை அவர் இதற்குள் கைவிட்டிருந்தார். தாம் நம்பாததோடு அமையாமல், நம்புவோரை எள்ளுவதையும் பொழுதுபோக்காகக் கொண்டார். 1745ஆம் ஆண்டு அவர் போர்க்கப்பலிலிருந்து நீங்கி, மேற்கு ஆப்பிரிக்கா நோக்கிச் சென்ற அடிமைக் கப்பல் ஒன்றிற்கு மாறினார்.

விலங்கிட்ட கைகள் தந்த உணவு

சியரா லியோனிக் கடற்கரைக்கு அப்பாலுள்ள பிளான்டேன் தீவுகளில், வெள்ளையரான அடிமை வணிகர் ஒருவரிடம் நியூட்டன் பணியில் அமர்ந்தார். பொருளீட்டும் கனவோடு சென்றவரைக் காய்ச்சல் வீழ்த்தியது. வணிகர் வெளியே சென்றிருந்த காலத்தில், அவருடைய ஆப்பிரிக்க மனைவி நோயுற்ற நியூட்டனைப் புறக்கணித்தார். குடிக்க நீரும் உண்ண உணவும் போதிய அளவு கிடைக்கவில்லை. பசி பொறுக்காமல் இரவில் தோட்டத்துக் கிழங்குகளைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றார். அந்நிலையிலும் தம்மிடமிருந்த யூக்ளிடின் வடிவக்கணித நூலைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று, மணலில் குச்சியால் வடிவங்கள் வரைந்து கற்றுக்கொண்டார்.

அத்தீவில் அவர்மீது இரக்கம் காட்டியவர்களும் இருந்தனர். அவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டு, விற்பனைக்காகக் காத்திருந்த அடிமைகள். தமக்குக் கிடைத்த சிறிதளவு உணவிலிருந்து ஒரு பங்கை, எவரும் அறியாதபடி அவருக்குக் கொடுத்தனர். கண்டுபிடிக்கப்பட்டால் தமக்கு என்ன நேரும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். இந்நிகழ்ச்சியை நியூட்டன் பிற்காலத்தில் தம் வரலாற்றில் மறவாமல் எழுதிவைத்தார். ஆனால் அந்தக் கைகள் அவரிடம் சொல்லாமல் சொன்ன செய்தியை உணர்ந்துகொள்ள அவருக்கு நெடுங்காலம் ஆயிற்று.

புயலில் எழுந்த வேண்டுதல்

தந்தையாரின் வேண்டுகோளின்படி அவரைத் தேடிவந்த கிரேஹவுண்ட் என்னும் கப்பல், 1748ஆம் ஆண்டு அவரை ஏற்றிக்கொண்டு தாயகம் நோக்கிப் புறப்பட்டது. மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் இருள் விலகும்முன், வட அட்லாண்டிக் பெருங்கடலில் கடும்புயல் கப்பலைத் தாக்கியது. பக்கப் பலகைகள் பிளந்து நீர் உட்புகுந்தது. மேல்தளத்திற்கு விரைந்த நியூட்டனைக் கத்தி ஒன்று எடுத்துவருமாறு தலைவர் திருப்பியனுப்பினார்; அவருக்கு மாற்றாக மேலே சென்றவரை அலை அடித்துச் சென்றது.

மாலுமிகள் உடைகளையும் படுக்கைகளையும் பிளவுகளில் திணித்து அடைத்தனர். நியூட்டன் நண்பகல் நெருங்கும்வரை நீரிறைக்கும் பொறியை இயக்கினார். நிற்கவும் வலுவற்ற நிலையில், பின்னர் நள்ளிரவுவரை சுக்கானைப் பிடித்தார். அவ்வேளையில் தம்மையும் அறியாமல் இறைவனின் இரக்கத்தை வேண்டிய சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தன. பல்லாண்டுகளாக இறைவனை எள்ளிய நாவு அது. தமக்கு இரக்கம் பெறத் தகுதி உண்டா என்னும் வினா அவரை வாட்டியது. தாயிடம் கற்ற விவிலியப் பகுதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மெழுகும் மரமும் போன்ற எடை குறைந்த சரக்குகள் இருந்தமையால் கப்பல் மூழ்காது மிதந்தது. உணவு அருகிய நிலையில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் அலைந்து, அயர்லாந்தின் வடகரையை அடைந்தது. இடைப்பட்ட நாள்களில் நியூட்டன் புதிய ஏற்பாட்டைப் படித்தார். தந்தையை விட்டு நீங்கிச் செல்வத்தை அழித்துத் திரும்பிய மைந்தனின் உவமை, தமக்காகவே சொல்லப்பட்டதுபோல் அவருக்குத் தோன்றியது. அந்த மார்ச்சு 21ஆம் நாளைத் தம் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

மேலே வழிபாடு, கீழே விலங்கு

கதை இங்கு முடிந்திருந்தால் அது எளிய கதையாக இருந்திருக்கும். நியூட்டன் குடிப்பதையும் இழிமொழி பேசுவதையும் விட்டார். 1750ஆம் ஆண்டு மேரியை மணந்தார். நாள்தோறும் விவிலியம் படித்தார். ஆயினும் அடிமைத் தொழிலை விடவில்லை. 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அடிமைக் கப்பலின் தலைவராகவே பணியாற்றினார்.

அக்கப்பல்களின் மேல்தளத்தில் ஞாயிறுதோறும் மாலுமிகளுக்காக அவர் வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்திலோ ஆப்பிரிக்க மக்கள் இருவர் இருவராக விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். ஏறத்தாழ ஐந்தடி உயரமே உள்ள அறையின் நடுவில் பலகைத் தட்டு அமைத்து, மேலும் கீழுமாக அவர்களை நெருக்கிக் கிடத்துவது அத்தொழிலின் வழக்கம். எழுந்து நிற்கவோ எளிதாகப் புரண்டு படுக்கவோ இடமில்லை. வெப்பத்தாலும் நோயாலும் பலர் மாண்டனர். கிளர்ச்சி செய்யத் திட்டமிட்டதாக ஐயுற்றபோது, உண்மையை வரவழைக்கச் சிறுவர்களின் கட்டைவிரல்களை நெருக்கும் கருவியை நியூட்டன் பயன்படுத்தினார். இதனைத் தம் கப்பற்குறிப்பேட்டில் அவரே பதிவுசெய்துள்ளார்.

அத்தொழில் சிறைக்காவலரின் பணியை ஒத்தது என்று அவர் மனம் சலித்ததுண்டு. இதனினும் மென்மையான தொழில் கிடைக்க இறைவனை வேண்டியதும் உண்டு. ஆனால் தொழிலே அறத்திற்கு மாறானது என்னும் எண்ணம் அவருக்கு எழவில்லை. அரசு அதனை ஏற்றிருந்தது, வணிகர் மதித்தனர், சமயத்தில் ஈடுபாடுடையோர் பலரும் குறைகூறவில்லை. ஊரார் அனைவரும் இயல்பு என்று கொண்ட ஒன்றை, அவரும் இயல்பென்றே கொண்டார். 1754ஆம் ஆண்டு இறுதியில், அடுத்த பயணத்திற்கு ஆயத்தமாக இருந்தபோது திடீரென மயங்கி விழுந்தார். மருத்துவர் அறிவுரைப்படி கடல்வாழ்வை விடுத்தார். அவரை அத்தொழிலிலிருந்து விலக்கியது மனச்சான்று அன்று, உடல்நலக் குறைவே.

ஓல்னியில் வளர்ந்த உள்ளம்

1755ஆம் ஆண்டு லிவர்பூல் துறைமுகத்தின் சுங்க அலுவலராகப் பொறுப்பேற்றார். ஓய்வு நேரங்களில் விவிலியத்தை மூலமொழிகளில் பயில விரும்பி, கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். பலமுறை மறுக்கப்பட்ட பின்னர், 1764ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்று, பக்கிங்காம்சயர் மாவட்டத்து ஓல்னி என்னும் சிற்றூருக்குச் சென்றார். பின்னல்துணி செய்து பிழைத்த ஏழை மக்கள் மிகுந்த ஊர் அது.

அங்கு அவர் பதினாறு ஆண்டுகள் பணியாற்றினார். சிறுவர்களைக் கூட்டி விவிலியக் கதைகளை எளிய நடையில் விளக்கினார். மனநோயால் துன்புற்ற கவிஞர் வில்லியம் கூப்பருக்கு உற்ற நண்பராக விளங்கினார். மனம் சோர்ந்து இறப்பை நாடிய அக்கவிஞரைப் பொறுமையோடு பேணிக் காத்தார். ஏழையரின் வீடுகளுக்கு நடந்து சென்று அவர்தம் துயரைக் கேட்ட அவ்வாண்டுகளில், ஆணையிட்டுப் பழகிய கப்பல் தலைவர் பிறர் நோவைத் தம் நோவாக உணரும் ஆயரானார். விவிலியச் சொற்கள் அவர் அறிவிலிருந்து உள்ளத்திற்கு இறங்கிய காலம் இதுவெனலாம்.

தெரிந்து தெளிவோம்

நியூட்டனும் கூப்பரும் இயற்றிய 348 பாடல்களின் தொகுப்பு, ‘ஓல்னி பாடல்கள்’ என்னும் பெயரில் 1779ஆம் ஆண்டு வெளிவந்தது. உலகெங்கும் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் பாடல், 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாள் வழிபாட்டிற்காக நியூட்டன் எழுதியது. இன்று வழங்கும் இசை, 1835ஆம் ஆண்டு அமெரிக்காவில் அப்பாடலோடு இணைக்கப்பட்டது.

மௌனம் கலைந்தது

1780ஆம் ஆண்டு நியூட்டன் இலண்டன் நகரத்துப் புனித மேரி உல்நாத் ஆலயத்தின் பொறுப்பை ஏற்றார். 1785ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்னும் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் அவரைத் தேடிவந்தார். புதிதாகச் சமய உணர்வு பெற்றிருந்த அவ்விளைஞர், அரசியலைத் துறந்துவிடலாமா என்று அறிவுரை கேட்டார். நாடாளுமன்றத்தில் இருந்தே இறைவனுக்கும் மக்களுக்கும் தொண்டாற்றலாம் என்று நியூட்டன் நெறிப்படுத்தினார். ஈராண்டுகளுக்குள் வில்பர்ஃபோர்ஸ் அடிமை வணிகத்தை ஒழிப்பதைத் தம் வாழ்நாட்பணியாக ஏற்றார்.

இப்போது நியூட்டனின் முன் கடினமான கடமை ஒன்று நின்றது. பிறர் தமக்குச் செய்ய வேண்டுமென விரும்புவதையே தாமும் பிறருக்குச் செய்ய வேண்டும் என்பது மத்தேயு நற்செய்தி கற்பிக்கும் அறம். அவ்வறத்தை அவர் கப்பல் அறையிலேயே படித்திருந்தார். ஆனால் அதிலுள்ள பிறர் என்னும் சொல்லுக்குள் கீழ்த்தளத்தில் கிடந்தவர்களும் அடங்குவர் என்பதை அன்று காணவில்லை. இன்று கண்டார். கண்டதைச் சொல்லாமல் இருக்கவும் அவருக்கு வாய்ப்பிருந்தது. வயது அறுபதைக் கடந்திருந்தது. மதிப்பிற்குரிய போதகர் என்று நாடறிந்திருந்தது. பழைய வாழ்வைக் கிளறினால் இழிவு தம்மையே சாரும் என்பதையும் அவர் அறிவார்.

1788ஆம் ஆண்டு, ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் தம் பங்கை ஒப்புக்கொண்டார். காலந்தாழ்ந்து வரும் இவ்வொப்புதல் தமக்கு என்றும் நாணத்தைத் தருவது என்றும் எழுதினார். கீழ்த்தளத்தின் நெருக்கத்தையும் விலங்குகளையும் பெண்கள் அடைந்த கொடுமையையும் நேரிற்கண்ட சான்றாக விளக்கினார். அந்நூல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டது. அடிமை வணிகத்தை ஆராய்ந்த அரசுக் குழுவின் முன்னும் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் அவர் சாட்சியம் அளித்தார். அவ்வணிகத்தை உள்ளிருந்து நடத்திய ஒருவரின் வாய்மொழியைப் பொய்யென்று ஒதுக்குதல் எளிதாக இல்லை.

ஒழிப்பு முயற்சி எளிதில் வெற்றிபெறவில்லை. 1791ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் அது 163க்கு 88 என்னும் வாக்குகளால் தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் நியூட்டன் அன்பு மனைவி மேரியை இழந்திருந்தார். பின்னர்ப் பார்வை மங்கியது, நினைவாற்றல் குறைந்தது. ஆயினும் எண்பது வயதைக் கடந்தும் அருளுரை ஆற்றினார். 1807ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், பிரித்தானிய அடிமை வணிக ஒழிப்புச் சட்டம் அரசரின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டு திசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் நியூட்டன் இயற்கை எய்தினார்.

வாழ்வு தரும் பாடம்

தம் நினைவுக்கல்லில் பொறிக்க வேண்டியதை நியூட்டன் தாமே எழுதிவைத்தார். ஆற்றிய அருளுரைகளையும் இயற்றிய பாடல்களையும் பெருமையாகக் குறிப்பிடவில்லை. நெறிதவறி வாழ்ந்ததையும் ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்குப் பணியாளாக இருந்ததையும் மறைக்காமல் சொல்லி, இறைவனின் இரக்கத்தால் மன்னிப்புப் பெற்றவராகவே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

புயலில் எழுந்த வேண்டுதலுக்கும் 1788ஆம் ஆண்டுச் சிறுநூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அந்நாற்பது ஆண்டுகளில் அவருடைய கப்பல்களில் விலங்கிடப்பட்டவர்களின் இழப்பை எந்த ஒப்புதலாலும் ஈடுசெய்ய இயலாது. அதனை அவரும் அறிந்திருந்தார். எனினும் காலந்தாழ்ந்தது என்பதற்காக அவர் வாய்மூடி இருக்கவில்லை. நாம் வாழும் காலத்திலும் ஊரார் இயல்பென்று கொள்ளும் வழக்கங்கள் பல உள்ளன. கற்ற அறத்தை அவற்றின்மீதும் பொருத்திப் பார்க்கும் துணிவே கல்வியின் பயன். பிளான்டேன் தீவில் பசித்த அயலாருக்குத் தம் உணவைப் பகிர்ந்த அடிமைகள் அப்பயனை எந்நூலையும் காணாமலே வாழ்ந்து காட்டினர். நியூட்டன் அதனை ஒரு நூலின் துணையோடு, ஒரு வாழ்நாள் செலவிட்டுக் கற்றார்.