மறைந்த நூல்களின் இருப்பிடம் காட்டியவர்

ஒரு நூல் முற்றும் அழிந்த பின்னும், அதன் பாட்டொன்று பிறிதொரு நூலின் உரையிலே தங்கி வாழ்தல் உண்டு. அங்ஙனம் தங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்த பேரறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள்.

அன்னார் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் சென்னை மயிலாப்பூரிற் பிறந்தார். தமையனார் கோவிந்தராசனாரிடம் தமிழ் பயின்றார். சிலகாலம் ஓவியமும் கற்றார். பள்ளியாசிரியராகப் பணிபுரிந்து 1955இல் ஓய்வுபெற்றார். மணம் புரியாது, வாழ்நாள் முழுவதையும் ஆராய்ச்சிக்கே ஈந்தார். கிறித்தவமும் தமிழும், பௌத்தமும் தமிழும், சமணமும் தமிழும் ஆகிய நூல்கள் அவருக்கு நிலைத்த புகழை அளித்தன.

1959இல் வெளிவந்த ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ அவரது உழைப்பின் சிகரம் எனலாம். நச்சினார்க்கினியர், அடியார்க்குநல்லார் முதலிய உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோள்களையும் புறத்திரட்டுப் பாடல்களையும் ஆராய்ந்தார். தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை போன்ற நூல்களின் எஞ்சிய செய்யுட்களை, அவை கிடைத்த இடத்தோடு சேர்த்து வைத்தார். இடஞ்சுட்டலின் பயன் பெரிது. அடியார்க்குநல்லார் உரையின் வாயிலாகவே பெயரறியப்பட்டிருந்த பஞ்சமரபு என்னும் இசைநூல் 1973இல் அச்சேறியபோது, பழைய மேற்கோள்களோடு அதனை ஒத்துநோக்கும் வாய்ப்புக் கிட்டிற்று.

1980இல் அவர் மறைந்தார். இன்று பழந்தமிழ் நூல்கள் கணினியில் ஏறிவிட்டன. அண்மையில் குறிஞ்சாக்கேணியில் மாணவனொருவன் தன் கைப்பேசியிலிருந்து தகடூர் யாத்திரைச் செய்யுளொன்றைப் படித்துக்காட்டினான். எந்த உரையில் உள்ளது என வினவினோம். அவன் அறியான், அப்பதிப்பும் கூறவில்லை. வேங்கடசாமியாரின் நூலைப் புரட்டியே இடத்தைக் காட்டினோம்.

தனிநூலாகக் கிடைத்ததுபோற் காட்டப்பெறும் மேற்கோள், தாயைப் பிரிந்த சேய் போல்வது. உரையாசிரியர் எச்சூத்திரத்தின்கீழ், எக்கருத்தை நிறுவ அதனைக் காட்டினார் என்பது மறைந்தால், பாட்டின் பொருளும் திரியும். இரு உரைகளிடையே உள்ள பாடவேறுபாடும் புலப்படாது போகும். ஆதலின் மின்பதிப்புச் செய்வோர் மறைந்த நூலின் பெயர், மேற்கோள் நிற்கும் உரை, சூத்திரம், பாடவேறுபாடு ஆகியவற்றை ஒவ்வொரு செய்யுளோடும் பிணைத்து வைத்தல் வேண்டும். கணினி இல்லாத காலத்தில் ஒரு பள்ளியாசிரியர் தனியொருவராய்ச் செய்த பணியை, இத்துணைக் கருவிகள் வாய்த்த நாம் கைவிடுதல் தகுமோ?